தள்ளி

பின் சீட்டைக் கழற்றி வாசலில் போட்டபோது
பக்கத்து வீட்டில் விலை கேட்டார்கள்.
விற்க இல்லை, ரேடியோ வைக்க இடம் வேணும் என்றேன்.
ரேடியோ கேட்க வேன் எதற்கு என்று
வத்தலக்குண்டில் எங்கள் தெரு ஒரு வாரம் பேசியது.
கேட்க மட்டுமில்லை.
பரீட்சை வைத்து, வி.யூ. என்று தொடங்கும்
இன்னொரு பெயர் கொடுத்திருக்கிறது அரசாங்கம்.
அந்தப் பெயரில் நான் பேசலாம்.

மூன்று ஞாயிறு போனது.
ஆம்னிக்கு இன்ஜின் சீட்டுக்கடியில்.
பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் இரண்டு முழம்,
நடுவில் ஃபியூஸ், அப்புறம் பலகை, பலகை மேல் பெட்டி.
கதவுக் கீலில் பெயிண்டைச் சுரண்டி
தகரத்தைத் தகரத்தோடு செம்புப் பட்டையால் கட்டினேன்.
வண்டி ஒரே உடம்பாக வேண்டும்,
இல்லாவிட்டால் மூலைக்கொரு முனகல்.
அப்படியும் இன்ஜின் ஓடினால்
காதுக்குள் ஒரு கடந்தை.
அதை மட்டும் விரட்ட முடியவில்லை.
இன்ஜினை நிறுத்திவிட்டுப் பேசினால் போச்சு.

மன்னவனூர் தாண்டிப் புல்மேட்டின் உச்சி.
வெயிலில் மாசி, நிழலில் மார்கழி.
மீன் நரம்பில் கல்லைக் கட்டி
யூகலிப்டஸ் கிளைக்கு எறிந்தேன்.
முதல் கல் என்னிடமே திரும்பியது.
இரண்டாவது வேன் கூரையில்.
மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன் இன்னும்.
நாலாவது போய்த் தொங்கியது.
இந்தப் பக்கம் பதினாறரை அடி, அந்தப் பக்கம் பதினாறரை,
துணி காயப்போடாத கொடி.

மீட்டர் முள் ஒன்றரையில் நின்றது. போதும்.
யாராவது, யாராவது, யாராவது.
பிறகு கட்டைவிரலை எடுக்க வேண்டும்.
எடுத்தால்தான் உலகம் உள்ளே வரும்.

நாற்பது நிமிடம் பொரி வறுபட்டது.
பொரிக்கு அடியில் ஒரு குரல்
என் பெயரின் கடைசி எழுத்தைத் தப்பாகச் சொன்னது.
கத்தினால் எழுத்து உடையும். மெதுவாகத் திருத்தினேன்.
யெர்லான். அல்மாட்டி.
மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி
சன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறதாம்.
மலையா என்றான். மலை என்றேன்.
இங்கேயும் என்றான்.
அதற்கு மேல் சொல்ல இருவரிடமும் ஒன்றுமில்லை.
ஐந்துக்கு ஏழு, ஐந்துக்கு ஒன்பது என்று
மொய் எழுதுவது போல
எண்ணைக் கொடுத்து எண்ணை வாங்கிக்கொண்டோம்.
செவன்ட்டி த்ரீ.

சாவியைத் திருப்பினேன்.
க்டக்.
மறுபடியும்.
க்.

நான் பேசியதற்கெல்லாம்
பேட்டரி கணக்கு வைத்திருந்திருக்கிறது.

பத்தடி தள்ளினால் இறக்கம்.
தள்ள ஆளில்லை.
போனில் ஒரு கோடுகூட இல்லை.
பெட்டியில் விளக்கே எரியவில்லை;
எரிந்தாலும் யெர்லானா வந்து தள்ளப் போகிறான்?

கீழே வரப்பில்
கேரட் பிடுங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள் நாலு பேர்.
கையைக் குவித்து வாயில் வைத்தேன்,
அலைவரிசை எதுவும் பார்க்காமல்.
யாராவது!
முதல் கூப்பாட்டிலேயே திரும்பினார்கள்.

செகண்ட் கியர், கிளட்ச்சு, இப்ப விடு என்று
கத்தியது குழந்தைவேலு.
மூவாயிரத்து எழுநூறு தள்ளிப் பேசியவளை
பத்தடி தள்ளிவிட்டார்கள்.
பின்கதவில் எட்டுக் கைகளின் செம்மண்.

இறங்கும் வழியில் எல்லாரும் உள்ளே.
சீட்டில்லாத வேனில் பலகைக்குப் பக்கத்தில் மூட்டை,
மூட்டை மேல் பையன்,
பேச்சி மடியில் கொடிக்கயிறாய்ச் சுருண்ட வயர்.
கடந்தை முழுசாய்ப் பாடியது.
யார்கூடப் பேசின, எந்த ஊரு என்று விசாரித்த ரோஸ்லின்
அங்கிட்டு கேரட் என்ன வெலைன்னு கேட்டியா என்றாள்.

கேக்கலை என்றேன்.

காது கேக்கலை என்று நினைத்து
இன்னும் சத்தமாகக் கேட்டாள்.